சாரல் பயணமும் முஸாபிர் தொழுகையும்

ஆனி பிறந்து குற்றால மலையில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைப் பகுதி வீடுகளில் பயணப் பேச்சும் கூடவே தொடங்கிவிடுகிறது. ஐந்தருவியிலும் பேரருவியிலும் குளித்து முடித்த பிள்ளைகள், "அப்படியே மலைக்கு அந்தப் பக்கம் போய்க் கடலையும் படகையும் பார்த்து வருவோமே" என்பார்கள். ஆரியங்காவுக் கணவாய் அருகிலேயே இருக்கிறது. வாடகை வண்டியும் கிடைக்கிறது. இரண்டு நாளில் கொல்லம், ஆலப்புழை, கொச்சி வரை போய்த் திரும்பிவிடலாம். சோற்றுப் பாத்திரம் முதல் மாற்றுத் துணி வரை எல்லாம் நினைவாக எடுத்து வைக்கப்படும். தொழுகையைப் பற்றி மட்டும், "போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இம்மாதப் பாடத்தை இப்பயணத்தின் மீதே வைத்துக்கொள்கிறோம்.

முதலில் தூரம். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 101-வது வசனம் பயணத்தில் தொழுகையைச் சுருக்க அனுமதிக்கிறது. அச்சம் நீங்கிய பிறகும் இச்சலுகை உண்டா என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, இது அல்லாஹ் உங்களுக்குச் செய்த தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததாக முஸ்லிம் ஷரீபில் வருகிறது. எவ்வளவு தூரத்திற்கு இச்சலுகை என்பதில் நம் ஆலிம்களிடையே கணக்கு சற்று வேறுபடும். 77 கிலோமீட்டர் என்பாரும் உண்டு, 82 கிலோமீட்டர் என்பாரும் உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் தென்காசியிலிருந்து 5 கிலோமீட்டரில் உள்ள குற்றாலம் பயணமல்ல, பாபநாசம் பயணமல்ல, திருநெல்வேலியும் புனலூரும் பயணமல்ல. கொல்லம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்; அது பயணம்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். புனலூர் போய் வர நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறதே என்று போக்கையும் வரவையும் கூட்டிக் கஸ்ரு செய்துவிடுகிறார்கள். போகும் தூரம் மட்டுமே கணக்கு.

தூரம் மட்டும் போதாது. எங்கே போகிறோம் என்ற தீர்மானமும் வேண்டும். "வண்டியை எடுப்போம், மனம் போன இடம் போவோம்" என்று கிளம்பியவருக்கு, எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் கஸ்ருடைய நிய்யத்து நிற்காது. கொல்லம் வரை என்று உறுதி செய்து கிளம்பியவரோ, ஊரின் வீடுகளைத் தாண்டியதுமே முஸாபிர். அவர் தென்மலையில் லுஹர் தொழுதாலும் இரண்டு ரக்அத்துதான். அதே தென்மலைக்கென்றே கிளம்பி வந்து பக்கத்தில் நின்று தொழுபவருக்கு நான்கு. ஷாபிஈ மத்ஹபில் இன்னொரு நுட்பமும் உண்டு. கூட்டிச் செல்பவரைப் பின்பற்றி வரும் மனைவிக்குப் போகுமிடம் எதுவென்று தெரியாவிட்டால், அந்தத் தூரம் முழுவதும் கடந்த பிறகே அவர் சுருக்கலாம். ஆகவே, "ஒரு இடத்துக்குக் கூட்டிப் போகிறேன், வா" என்று புதிர் போடும் வீட்டுக்காரர்கள் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது!

சுருக்குவது லுஹர், அஸர், இஷா மூன்றையுமே. சுபுஹும் மஃரிபும் சுருங்கா. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்காகவே முடிக்க வேண்டும். கஸ்ரு ஹனபி மத்ஹபில் வாஜிபு, ஷாபிஈயில் சலுகை. போன ஊரில் ஹனபிகள் 15 நாள் தங்க நிய்யத்து வைத்தாலும், ஷாபிஈகள் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாள் தங்க நிய்யத்து வைத்தாலும் முழுமையாகத் தொழ வேண்டும். நம் இரண்டு நாள் பயணத்தில் அந்தக் கேள்வி எழாது.

வெள்ளியன்று கிளம்புவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. சுபுஹுக்குப் பிறகு ஜும்ஆவை விட்டுவிட்டுப் புறப்படுவதை ஷாபிஈ மத்ஹபு தடுக்கிறது. வழியில் ஜும்ஆ கிடைக்குமானால் தடையில்லை. தென்காசியில் காலை 6 மணிக்குக் கிளம்பினால் கொல்லத்தில் ஜும்ஆவுக்குத் தாராளமாக நேரமிருக்கும்.

இனி படகுக்கு வருவோம். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பின் தீவுக்கும் இடையே வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகு ஓடுகிறது. இத்தகைய படகை அங்குள்ளோர் ஜங்கார் என்பார்கள். 2018 முதல் ஓடும் புதிய வகைக்கு ரோ-ரோ என்று பெயர். ஒரு முனையில் ஏறிய வண்டி திரும்பாமலே மறுமுனையில் இறங்கிவிடும். தண்ணீரைக் கடக்கச் சில நிமிடங்களே ஆகும். அதற்குள் தொழ வேண்டிய அவசியம் வராது. ஆபத்து படகில் இல்லை. துறையில் நிற்கும் வரிசையில் இருக்கிறது.

இதை அனுபவித்தே எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு படகுத்துறைக்கு மாலையில் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தோம். அஸரை முடித்திருந்தோம். அக்கரை போய் மஃரிப் தொழலாம் என்று எண்ணம். வரிசை நகரவில்லை. இறங்கித் தொழுதால் இடம் போய்விடும் என்று ஒருவர், இதோ அடுத்த படகு நமக்குத்தான் என்று இன்னொருவர். சூரியன் மறைந்தது, செம்மையும் மறைந்தது. அக்கரையில் இறங்கியபோது இஷாவின் பாங்கு கேட்டது. வண்டியில் இருந்த ஒன்பது பேருக்கும் மஃரிப் போய்விட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை, திட்டமிடாதது நாம்தான். எங்கள் வீட்டுப் பெரியம்மா மட்டும் அன்றிரவு சாப்பிடவே மறுத்துவிட்டார்.

அந்த வண்டியில் ஷாபிஈகளும் இருந்தார்கள். காயல்பட்டினத்திலிருந்து வந்த மருமகளுக்குத் தம் மத்ஹபுப்படி மஃரிபை இஷாவோடு சேர்த்துத் தொழ வழி இருந்தது. ஆனால் தாமதித்துச் சேர்ப்பதற்கு, மஃரிபுடைய நேரத்துக்குள்ளேயே "இஷாவோடு சேர்த்துத் தொழுவேன்" என்று நிய்யத்து வைக்க வேண்டும். வைக்காமல் நேரம் கடந்தால் அது களாதான். ஹனபிகளுக்கு அரபாவிலும் முஸ்தலிபாவிலும் தவிர ஜம்வு இல்லை. லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலுமாக அடுத்தடுத்துத் தொழுதுகொள்ளலாம். ஒவ்வொன்றும் தன் நேரத்திலேயே அமையும். ஒரே வீட்டில் இரு மத்ஹபும் இருந்தால் அவரவர் வழியில் அவரவர் தொழட்டும். வண்டிக்குள் வைத்து வாதம் வேண்டாம்.

ஆகவே துறையைக் கடக்கும் நேரத்தை மஃரிபை வைத்தே முடிவு செய்யுங்கள். லுஹரை ஆலப்புழையில் முடித்தால், அங்கிருந்து ஃபோர்ட் கொச்சி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அஸரை அங்கே தொழுது, வெயில் இருக்கும்போதே கடந்துவிடலாம். பிந்திவிட்டால், இக்கரையிலேயே மஃரிபை முடித்த பிறகு வரிசையில் நில்லுங்கள். பக்கத்தில் மட்டாஞ்சேரியில் பழமையான செம்பிட்டப் பள்ளி முதலிய பள்ளிகள் உள்ளன. பெண்களுக்கு இடவசதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையானால் ஒரு பாயும் ஒரு கேன் தண்ணீரும் போதும். ஓரமாக இறங்கித் தொழலாம். நிற்க முடிந்தவர் வண்டி இருக்கையில் அமர்ந்தபடி பர்ளைத் தொழுவது கூடாது.

நேரத்தில் ஒரு நுட்பம். தென்காசிக்கும் கொச்சிக்கும் தீர்க்க ரேகையில் சுமார் ஒரு பாகை வித்தியாசம். அதனால் கொச்சியில் சூரியன் ஏறத்தாழ 4 நிமிடம் பிந்தி மறைகிறது. நம் ஊர்ப் பள்ளியின் நேர அட்டவணையைப் பார்த்து அங்கே மஃரிபுக்குத் தக்பீர் கட்டினால், சூரியன் இன்னும் மறைந்திராது. நோன்பு திறப்பதும் அப்படியே. குற்றாலத்தில் இதற்கு நேர்மாறான மயக்கம்: மலைக்குப் பின்னால் சூரியன் ஒளிந்ததும் மறைந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். மலை மறைப்பது வேறு, அஸ்தமனம் வேறு.

ஆலப்புழையில் கெட்டுவள்ளம் என்னும் வீட்டுப்படகில் தங்குவோருக்குப் படகிலேயே தொழ வேண்டி வரும். நின்று தொழுங்கள், முடியாவிட்டால் அமர்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்து என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்றுத் தந்தது புகாரியில் உள்ளது. தலைசுற்றல் இல்லாதவர் நின்றே தொழ வேண்டும். ஓடும் படகில் காரணமின்றி அமர்ந்து தொழுவதை இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் அனுமதித்தாலும், அவர்களுடைய இரு மாணவர்களும் அதை ஏற்கவில்லை, பேணுதல் நிற்பதில்தான். கிப்லா அங்கே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. படகு திரும்பினால் தொழுகைக்குள்ளேயே நாமும் கிப்லாவை நோக்கித் திரும்ப வேண்டும். மாலையில் படகைக் கரையில் கட்டிவிடுவதால் மஃரிபும் இஷாவும் எளிது. சுற்றிலும் தண்ணீர் இருக்கத் தயம்மும் செய்யக் கூடாது. காயல் நீர் உப்புக் கரித்தாலும் ஒளுவுக்கு ஆகும்; கடல் நீரே தூய்மைப்படுத்தக் கூடியது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் மார்க்கத்தைச் சேர்ந்ததே. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயத்தின் 195-வது வசனம் எச்சரிக்கிறது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மேல் ஆளேற்றிய உல்லாசப் படகு இருட்டிய வேளையில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அதற்கும் முன்பு, 1924 ஜனவரியில் ஆலப்புழை–கொல்லம் நீர்வழியில் பல்லனையில் கவிழ்ந்த படகில்தான் மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் உயிர் துறந்தார். அதுவும் கூட்டம் மிகுந்த படகே. படகில் ஏறும்போது நூஹ் நபி (அலை) அவர்களின் துஆவை (ஹூது அத்தியாயம், 41-வது வசனம்) ஓதுங்கள். ஓதியபடியே உயிர்காப்பு உடுப்பையும் மாட்டிக்கொள்ளுங்கள். கூட்டம் மிகுதியானால் கொடுத்த காசு போனாலும் இறங்கிவிடுங்கள்.

மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கச் சொல்வது ஹதீஸ். அவர் கையில் தொழுகை நேரம் குறித்த தாள் ஒன்று இருக்கட்டும்: எந்த ஊரில் எந்தத் தொழுகை, எங்கே இறங்குவது என்று கிளம்பும் முன்பே எழுதியது. அவர் வண்டியை நிறுத்தச் சொன்னால் ஓட்டுநர் நிறுத்த வேண்டும் என்பதையும் வாடகை பேசும்போதே பேசிவிடுங்கள். திரும்பும்போது செங்கோட்டையில் இஷா தொழ நேர்ந்தால், தென்காசிக்காரருக்கு அப்போதும் இரண்டு ரக்அத்துதான். நம் ஊர் எல்லைக்குள் வந்ததும் நான்கு.