பசு சினைப்படாமைக்குப் பசுவே காரணமா?

கறவைப் பசுவைச் சந்தைக்கு ஓட்டிவருவோரிடம் விற்பதன் காரணத்தை வினவினால், "சினை நிற்கவில்லை" என்று விடை பகர்வோர் பலர். இவ்விதம் மலடென்று கைமாறும் பசுக்கள் பலவற்றில் யாதொரு குறையும் இருப்பதில்லை. அவை பருவத்துக்கு வந்தது கவனிக்கப்படாமலோ, வேளை தவறிக் கருவூட்டப்பட்டோ வீணானவையாகும்.

ஓராண்டின் கணக்கு

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். ஆண்டுக்கு ஒரு கன்று பெறவேண்டுமானால், ஈன்ற 85 நாட்களுக்குள் பசு மறுபடியும் சினைப்பட்டாக வேண்டும். ஈன்றபின் கருப்பை சுருங்கித் தன்னிலையடைய ஏறக்குறைய ஆறு வாரம் செல்லும். ஆகையால் 60 நாட்களுக்கு முன் கருவூட்டுவது உசிதமன்று. எஞ்சுவது 25 நாட்களே. பசு 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருமாதலால், இக்காலத்துள் கிட்டும் சந்தர்ப்பம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒரு பருவம் தவறினால் அடுத்த ஈற்று மூன்று வாரமும், இரண்டு தவறினால் ஆறு வாரமும் தள்ளிப்போகின்றன. அந்நாட்களில் பால் குறையும். தீவனச் செலவோ நிற்பதில்லை.

பருவக் குறிகள்

பருவத்துக்கு வந்த பசு அமைதியின்றி அடிக்கடி கத்தும். தீனியிலும் பாலிலும் குறையும். சிறுகச் சிறுகச் சிறுநீர் கழிக்கும். பிறப்புறுப்பு தடித்து, முட்டையின் வெண்கருவைப் போன்ற தெளிந்த திரவம் வாலிலும் தொடையிலும் ஒட்டியிருக்கும். இவை எல்லாவற்றிலும் உறுதியான குறி, மற்றொரு மாடு மேலே தாவும்போது விலகாமல் நிற்பதேயாகும். தாவுகின்ற மாடு பருவத்தில் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. தாவ இடங்கொடுத்து நிற்பதே பருவத்தில் உள்ளது.

எந்நேரமும் கட்டுத்தறியிலேயே நிற்கும் பசுவிடம் இக்குறியைக் காணுதல் அரிது. ஆதலால் விடியற்காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம் மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கவனித்தல் நலம். கோடைகாலத்தில் குறிகள் பெரும்பாலும் இரவின் குளிர்ச்சியிலேயே வெளிப்படுமாகையால், உறங்கப்போகுமுன் ஒருமுறை தொழுவத்தைப் பார்த்து வருதலும் வேண்டும்.

கருவூட்டும் வேளை

பருவம் நீடிப்பது 12 முதல் 18 மணி நேரம் வரைதான். அது அடங்கிச் சுமார் 10 மணி நேரத்துக்குப் பின்னரே கருமுட்டை வெளிப்படும். எனவே, காலையில் பருவம் கண்ட பசுவுக்கு அன்று மாலையிலும், மாலையில் கண்டதற்கு மறுநாட் காலையிலும் கருவூட்ட வேண்டும். கத்தத் தொடங்கியவுடனே ஓட்டிச் செல்லுதலும், வேலை ஒழிந்தபின் பார்த்துக்கொள்ளலாமென்று ஒருநாள் கடத்துதலும் ஒருபோலத் தவறாகும்.

செயற்கை முறைக் கருவூட்டல் இந்தியாவில் 1939-ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் முதன்முதலாகக் கையாளப்பட்டது. ஒரே காளையைப் பல பசுக்களுக்கு விடுவதால் பரவும் நோய்கள் இம்முறையில் தவிர்க்கப்படுகின்றன. ஆயினும் வேளை தவறினால் எவ்வளவு சிறந்த காளையின் வித்தும் பயன்படாது.

குறிப்புப் புத்தகம்

ஒவ்வொரு பசுவுக்கும் ஈன்ற நாள், பருவம் கண்ட நாளும் வேளையும், கருவூட்டிய நாள், சினை பரிசோதித்த நாள் ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் குறித்துவர வேண்டும். குறிப்பு இருப்பின், அடுத்த பருவத்தை 18-ஆவது நாளிலிருந்தே எதிர்நோக்கலாம். சில பசுக்களில் பருவம் முடிந்து ஓரிரு நாட்களில் இரத்தக் கசிவு காணும். அது நோயன்று, பருவம் கடந்துவிட்டதென்பதற்கு அடையாளம். அந்நாளையும் குறித்துக்கொண்டால் மறுபருவம் தப்பாது.

கருவூட்டியபின் மறுபடி கத்தவில்லை என்பதனாலேயே சினையென்று கொள்ளலாகாது. இரண்டு மூன்று மாதத்தில் கால்நடை மருத்துவரைக்கொண்டு பரிசோதித்தறிய வேண்டும்.

தீவனமும் வைத்தியமும்

ஈன்றபின் பால் மிகுதியாய்ச் சுரக்கும்போது தீவனம் போதாத பசு தன் உடம்பையே கரைத்துப் பால் கொடுக்கும். விலா எலும்பு தெரிய இளைத்த பசு பருவத்துக்கு வராது. வெறும் வைக்கோல் போதாது. பசுந்தீவனமும், பாலுக்குத் தக்க அடர்தீவனமும், நாள்தோறும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் அளித்தல் அவசியம்.

நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழாவிட்டால் கைபோட்டு இழுத்தலாகாது. மருத்துவரை அழைக்க வேண்டும். திரவம் கலங்கியோ சீழாகவோ வடிந்தால், முதலில் வைத்தியம், பிறகே கருவூட்டல். சினை கலைந்து விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதைத்து, மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கருச்சிதைவு நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது.

விற்பதற்கு முன்

வேளையறிந்து மூன்று முறை கருவூட்டியும் சினைப்படாத பசுவையே மருத்துவரிடம் காட்டிக் காரணம் ஆராய வேண்டும். அதன் பின்னரே விற்பதைப்பற்றி யோசித்தல் முறை. நிலக்காரர்களும் கிராம அதிகாரிகளும் தத்தம் தொழுவங்களில் இக்குறிப்புப் புத்தகத்தைத் தொடங்கிக் காட்டுவாராயின், அண்டை அயலார் தாமே பின்பற்றுவர். குறையற்ற பசு மலடென்ற பெயருடன் சந்தைக்குச் செல்வதும் குறையும்.