மறித்து வைத்த தண்ணீர்

அன்பின் பிள்ளைக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை வாசித்தேன். எகிப்தைப் பற்றிய பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வம்சங்களின் வரிசை, மூன்று பருவங்கள், பிரமிட்டுகள் எல்லாம் உனக்கு நன்றாகவே தெரிகின்றன. அவற்றுக்குள் நான் போகவில்லை. கடைசிப் பந்திதான் என்னை உறுத்துகிறது. இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் நைலைப் போல வற்றாத ஆறு இல்லை, ஆகவே இங்கே நாகரிகம் எதுவும் வளர வழியில்லை என்று முடித்திருக்கிறாய். அந்த “ஆகவே” எங்கிருந்து வந்தது?

நீ மட்டும் இப்படி எழுதவில்லை. பரிசளிப்பு விழா மேடைகளிலும் இதையேதான் கேட்கிறேன். எகிப்து நைலின் கொடை என்று ஹெரோடோட்டஸ் சொல்லிவிட்டாராம், அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அந்தக் கிரேக்கர் அங்கே போய்ப் பார்த்துச் சொன்னது மண்ணைப் பற்றி. கடலோரத்து டெல்டா நிலம் ஆறு கொண்டுவந்த வண்டலால் உண்டானது என்பதுதான் அவருடைய கருத்து. அதை அரசுக்கும் எழுத்துக்கும் கோயிலுக்கும் நீட்டியது பின்வந்தவர்களின் வேலை. ஒரு மேற்கோளை வைத்து வாதாட முன்னர் அது எதைப் பற்றியது என்று பார்க்கவேண்டும், பிள்ளை.

நைல் எகிப்தியருக்குப் பெரிய உதவி செய்தது, அதை நான் மறுக்கவில்லை. கெய்ரோவில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை ஏறத்தாழ 25 மில்லிமீற்றர். அப்படிப்பட்ட நாட்டுக்கு, அந்நாளில் எதியோப்பிய மலைகளில் பெய்த மழை கோடையின் நடுவில் வண்டலோடு வந்து சேரும். செப்டெம்பரில் வெள்ளம் உச்சத்தைத் தொட்டு வடியத் தொடங்கும். ஈரம் காயுமுன் கோதுமையும் வாற்கோதுமையும் விதைத்து மார்ச், ஏப்ரலில் அறுவடை செய்வார்கள். காலமும் எருவும் ஆறே பார்த்துக்கொண்டது. ஆனால் அந்த வெள்ளத்தை வயலில் ஒன்றரை மாதமளவு நிறுத்திவைக்க வரம்பு கட்டியது ஆறு அல்ல, ஊர்ச்சனம். ஆய்வாளர் கார்ல் பட்சர் 1976இல் எழுதிய நூலில் இதைத்தான் விரிவாகச் சொல்கிறார்: பழைய எகிப்தின் நீர்ப்பாசனத்தை நடத்தியது தலைநகரத்து மன்னனல்ல, அந்தந்த வட்டாரத்து மக்கள். மன்னன் செய்தது அளந்து எழுதிவைத்தது. அந்தக் குறிப்புகள் உள்ள பாலெர்மோ கல்லைப் பற்றி நீ எழுதவேயில்லை. ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் எத்தனை முழம், எத்தனை விரற்கடை உயர்ந்தது என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் தண்ணீர் இறைக்க நின்ற துலாவைப் போன்ற ஒன்றை நைல் கரைச் சித்திரங்களில் காண்பதற்குப் புதிய இராச்சியக் காலம்வரை காத்திருக்கவேண்டும். அதுவரை அவர்கள் நம்பியிருந்தது வெள்ளத்தையும் வரம்பையுமே.

இனி எங்கள் பக்கம் வா. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கே ஓடிச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. நீளம் ஏறத்தாழ 86 கிலோமீற்றர். நைலோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமேயில்லை. ஆனால் மழையைப் பார். வன்னியில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, கெய்ரோவைப்போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு. தண்ணீர் இல்லாதது எங்கள் சிக்கலல்ல. ஐப்பசி முதல் தை வரை கொட்டிவிட்டு மழை போய்விடும், ஆறும் கூடவே கடலுக்குப் போய்விடும். ஆடியில் அதே ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டவேண்டும். எகிப்தியனுக்கு ஆறு தேடி வந்தது. வன்னியான் ஓடுகிற ஆற்றை மறித்துக் குளமாக நிறுத்தவேண்டியிருந்தது. இவற்றில் எதற்குக் கூடுதலான அறிவு வேண்டும் என்று நீயே சொல்.

மறிப்பது என்றால் மண்ணைக் குவிப்பது என்று நினைத்துவிடாதே. அணைக்கட்டை எவரும் கட்டலாம். கட்டை உடைக்காமல் தண்ணீரை வெளியே விடுவதுதான் வித்தை. முப்பது அடி ஆழத்துத் தண்ணீர் அடியில் இருக்கிற துளையில் என்ன விசையோடு பாயும் என்று எண்ணிப் பார். வாயைச் சும்மா திறந்துவிட்டால் சுற்றியிருக்கிற மண் அரித்துக் கட்டே போய்விடும். அதற்காகக் கட்டின் உட்பக்கச் சரிவில் சதுரமான ஒரு தொட்டியைச் செங்கல்லாலும் கருங்கல்லாலும் இறக்கினார்கள். குளத்துத் தண்ணீர் முதலில் அந்தத் தொட்டிக்குள் வரும். அங்கே பலகையை ஏற்றியிறக்கி அளவைக் கட்டுப்படுத்துவார்கள். விசை தணிந்த பிறகுதான் கட்டுக்கு அடியால் போகிற கல் வாய்க்காலில் ஓடி வயல்பக்கம் வெளிவரும். சிங்களத்தில் இதைப் பிசோகொட்டுவ என்பார்கள். எங்கள் கமக்காரர் முழு அமைப்பையும் துருசு என்று சொல்லிவிடுவார்கள்.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட ‘பழைய இலங்கை’ நூலில் இந்தத் தொட்டிக்குத் தனிமதிப்புக் கொடுக்கிறார். ஐரோப்பியர் தங்கள் நீர்த்தேக்கங்களில் இதே உத்தியைக் கைக்கொள்ளுமுன் இலங்கையில் அது வழக்கிலிருந்தது என்பது அவர் முடிவு. மிகப் பழைய பெருங்குளங்கள் என்று அவர் ஆராய்கிறவற்றில் வன்னிக் குளங்கள் இரண்டு உண்டு: பாலியாற்றை மறித்த வவுனிக்குளம், வவுனியாவின் பாவற்குளம். எனக்குப் பிடித்தது அவருடைய முறை. செங்கற்களை ஒவ்வொன்றாக அளந்து, அளவை வைத்தே கட்டுமானத்தின் காலத்தைக் கணிக்க முயன்றார். அந்த முறையில் பிழை பிடிக்கலாம். ஆனால் துருசுக்குள் இறங்கிச் செங்கல் அளந்தவரைப் பிழை பிடிக்க, நாமும் ஒருமுறையாவது இறங்கியிருக்கவேண்டும். இதை நான் நீட்டிவிட்டேன் என்று தெரிகிறது. நாகரிகம் என்றால் கோபுரமும் கல்வெட்டும் மட்டும் என்று உனக்குச் சொல்லித்தந்தவர்கள் துருசைக் காட்டவில்லை, அதனால்தான் நீட்டினேன்.

ஒரு குளத்தோடு கதை நிற்பதுமில்லை. மேல் குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் குளத்துக்கு. அதன் வயல்களின் கழிவுநீர் அடுத்த குளத்துக்கு. பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் இந்தத் தொடர்குளங்களை ஒரே அமைப்பாக விளக்கிய பிறகுதான் ஆய்வாளர் பலர் தனிக்குளக் கணக்கை விட்டார்கள். மேல் ஊர் கட்டை ஓரடி உயர்த்தினால் கீழ் ஊரின் வயல் காயும். அப்படியானால் ஊருக்கு ஊர் பேசித் தீர்க்கவேண்டும், பங்கு போடவேண்டும். விற்ஃபோகல் என்ற அறிஞர் 1957இல் பெரிய நீர்ப்பாசனம் இருந்தால் கொடுங்கோல் அரசும் இருக்கும் என்று நூல் எழுதினார். மானிடவியலாளர் எட்மண்ட் லீச் இரண்டே ஆண்டுகளில் இலங்கைக் குளங்களைக் காட்டி அதை மறுத்தார்: இவை நூற்றாண்டுக்கணக்கில் துண்டு துண்டாக வளர்ந்தவை, ஓர் அதிகாரி வர்க்கம் ஒரே மூச்சில் கட்டியவை அல்ல. அவர் 1961இல் வெளியிட்ட ‘புல் எலிய’, அநுராதபுரத்துக்கு வடக்கே உள்ள ஒரு குளத்து ஊரைப் பற்றியது. எந்த வயல் யாருக்கு, எந்த வாய்க்காலில் யாருக்கு எத்தனை பங்கு என்று வரைபடங்களோடு பக்கம் பக்கமாக வரும். இடம்பெயர்வுகளில் தொலைத்த புத்தகங்களில் நான் இன்னும் தேடுவது அதைத்தான். உன் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தால் எடு. உறவுமுறை அத்தியாயங்கள் சலித்தால் தாண்டிவிட்டு வரைபடங்களைப் பார்.

அதே பந்தியில் இன்னொரு பிழை. இரணைமடுவைப் பழைய மன்னர் குளம் என்று எழுதியிருக்கிறாய். கனகராயன் ஆற்றை மறித்த இன்றைய இரணைமடு இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் எழுந்தது. பிறகு பலமுறை உயர்த்தினார்கள். இப்போது தண்ணீர் தேங்கும் ஆழம் 36 அடி. 1930களில் குடியேற்றத் திட்டத்தோடுதான் அதன் அருகே கிளிநொச்சி நகரமாக வளரத் தொடங்கியது. குளம் முதலில், வாய்க்கால் அடுத்து, சந்தையும் பள்ளிக்கூடமும் பிறகு. தண்ணீர் ஓர் ஊரை எப்படி உண்டாக்கும் என்பதற்கு நீ கெய்ரோவுக்குப் போகவே வேண்டாம். அது மன்னர் குளமல்ல என்பதால் இந்த மண்ணுக்குப் பழைமை இல்லை என்றும் ஆகாது. பேராசிரியர் புஷ்பரட்ணம் 1993இல் வெளியிட்ட பூநகரித் தொல்பொருளாய்வைப் படி. கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களோடு வாழ்ந்த ஆதிக் குடியிருப்புகளை அதில் காண்பாய். இன்னும் பின்னே போனால், சிரான் தெரணியகல 1992இல் எழுதிய இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய காலம் பற்றிய நூலில், கற்கருவிகள் கிடைக்கிற சரளை மண் படிவத்துக்கு இரணைமடுவின் பெயரே வழங்குகிறது.

கட்டுரையை அடித்தெறிய வேண்டாம். கடைசிப் பந்தியை மட்டும் எடுத்துவிட்டு வேலை ஒன்று செய். உன் அப்பப்பாவின் வயல் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ்த்தானே? பங்குனியிலோ சித்திரையிலோ சிறுபோகக் கூட்டம் நடக்கும். குளத்தில் அரைவாசித் தண்ணீர் இருக்கிற ஆண்டில் எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்குப் பங்கு, தலைவாய்க்கால்காரருக்கும் கடைவாய்க்கால்காரருக்கும் இடையில் முறை எப்படி என்று அங்கே முடிவு செய்வார்கள். அப்பப்பாவோடு போய் ஒரு மூலையில் இரு. யார் என்ன சொன்னார், எதில் சண்டை வந்தது, கடைசியில் எதற்கு எல்லாரும் இணங்கினார்கள் என்று எழுதி எனக்கு அனுப்பு. பெயர்கள் வேண்டாம், ஏக்கரும் நாளும் சரியாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் சேர்