ஆப்பிரிக்கா போவதற்கு முன் முசிறி போய் வாருங்கள்

பி.டெக். முடிந்தாயிற்று. மேற்படிப்பில் சேர்வதற்குள் ஆறு மாதம் ஜாம்பியாவிலோ மலாவியிலோ தென்னாப்பிரிக்காவிலோ தன்னார்வப் பணி செய்துவிட்டு, அப்படியே நாலு ஊரையும் பார்த்துவிட்டு வர வேண்டும். இந்த ஆசையோடு வருகிற மாணவர்களிடம் விசா, டிக்கெட், செலவு பற்றியெல்லாம் பிறகுதான் பேசுவேன். முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: அங்கே போய் என்ன வேலை செய்யப் போகிறாய்?

"ஏதாவது உதவி பண்ணலாம் சார்" என்ற பதில் போதாது. ஏதாவது உதவி பண்ண அந்த ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். சுவருக்கு வண்ணம் பூசவும் மண் சுமக்கவும் திருச்சியிலிருந்து ஒருவர் பறந்து போக வேண்டியதில்லை. அந்த டிக்கெட் பணத்தில் உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பல மாதம் சம்பளம் கொடுக்கலாம். திருச்சியை ஒட்டிய நம் துவாக்குடியில் உங்களை நம்பி ஒருவர் எந்த வேலையை ஒப்படைப்பாரோ, அந்த வேலைக்கு மட்டும் போங்கள். மருத்துவ மாணவர்களுக்கும் இது பொருந்தும். இங்கே அரசு மருத்துவமனையில் தனியாகச் செய்ய அனுமதியில்லாத சிகிச்சையை ஜாம்பியத் தலைநகர் லுசாகாவில் மட்டும் செய்துபார்க்க உங்களுக்கு உரிமை கிடையாது. அங்கே இருப்பவரும் நோயாளிதான்.

இரண்டு வகை வேலைகளைப் பார்த்ததும் ஒதுக்கிவிடலாம். ஒன்று, ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம். இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டுத் தொண்டர்கள் கட்டும் பணம் நிற்கக் கூடாது என்பதற்காகவே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் இல்லங்களும் உண்டு. பாசம் காட்டிவிட்டுப் பதினைந்தாம் நாள் கிளம்புகிறவர் அந்தப் பிள்ளைக்கு நன்மை எதுவும் செய்வதில்லை. இன்னொன்று, தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிகளுக்குப் பாட்டிலில் பால் கொடுக்கும் 'வனவிலங்குப் பாதுகாப்பு'. தாயிடமிருந்து பிரித்து மனிதக் கையில் வளர்ந்த சிங்கம் காட்டுக்குத் திரும்ப முடியாது. வளர்ந்த பிறகு வேலி போட்ட நிலத்தில் காசு கொடுத்துச் சுடுகிற வேட்டைக்காரருக்கோ, எலும்பு வியாபாரத்துக்கோ அவற்றில் பல போய்ச் சேர்ந்திருக்கின்றன. 2015-இல் வந்த 'பிளட் லயன்ஸ்' ஆவணப்படம் இதை உலகுக்குக் காட்டியது. கூண்டுச் சிங்க வளர்ப்பை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாகத் தென்னாப்பிரிக்க அரசே 2021-இல் அறிவித்தது. குட்டியோடு செல்ஃபி எடுக்க விடும் இடம் எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

சரி, துவாக்குடிக்காரருக்கு என்ன வேலை தெரியும்? நிறையவே தெரியும். என்.ஐ.டி., அரசு பாலிடெக்னிக், சிட்கோ தொழிற்பேட்டையின் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், பக்கத்தில் பெல் நிறுவனமும் அதன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் என்று இரும்போடும் குழாயோடும் வாழ்கிற வட்டாரம் இது. ஜாம்பியக் கிராமங்களில் எங்கே பார்த்தாலும் நிற்கும் அடிபம்பு எது தெரியுமா? 'இந்தியா மார்க் 2'. 1970-களில் யுனிசெஃப் துணையோடு நம் நாட்டில் உருவாகி, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் தயாராகி, பிறகு ஆப்பிரிக்காவெங்கும் பரவிய பம்பு. அதை இன்னும் மேம்படுத்துவதற்கான கள ஆய்வு 1980-களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில்தான் நடந்தது. நம் தெருமுனையில் நின்ற அதே பம்பு, அதே சங்கிலி, அதே கைப்பிடி.

அந்தப் பம்பு அங்கே ஏன் படுத்துக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தொட்டிக்கும் சிலிண்டருக்கும் நடுவே கிணற்றுக்குள் இறங்குவது மூன்று மூன்று மீட்டர் துண்டுகளாக இணைத்த ஜி.ஐ. குழாய். ஜாம்பியாவின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்டது. பி.ஹெச். 6.5-க்குக் கீழே போனால் துத்தநாகப் பூச்சு தாங்காது. முதலில் அரிப்பது மரை வெட்டிய இடம், ஏனென்றால் குழாய்ச் சுவர் அங்கேதான் மெல்லியது. தண்ணீர் செம்பழுப்பாக வருகிறது, துணியில் கறை பிடிக்கிறது, இரும்பு வாடை அடிக்கிறது. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போகத் தொடங்குகிறார்கள். இதற்குத் தீர்வு புதுப் பம்பு அல்ல; துருப்பிடிக்காத எஃகு அல்லது பி.வி.சி. குழாய், அதற்கு முன்னால் ஒழுங்கான நீர்ச் சோதனை. உலோகவியல், மெக்கானிக்கல், சிவில் படித்தவருக்கு இது புரியாத விஷயமா?

ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டியவர் நீங்கள் அல்ல. ஜாம்பியாவில் பல பகுதிகளில் பயிற்சி பெற்ற பம்பு மெக்கானிக் உண்டு; நீங்கள் விமானம் ஏறிய பிறகும் ஊரில் இருக்கப் போகிறவர் அவர்தான். அவரோடு சுற்றி ஒவ்வொரு பம்பின் ஆழம், பி.ஹெச்., குழாய் வகை, கடைசியாகப் பழுதான தேதி ஆகியவற்றைப் பதிவு செய்து, எந்த உதிரிபாகத்தை எங்கே இருப்பு வைக்கலாம் என்று ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்தால் அது ஆறு மாதத்துக்குத் தகுந்த வேலை. மாவட்ட அலுவலகத்தில் அப்படி ஒரு பதிவேடு சரியாக இருந்தால் அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கும்போது அது பேசும்.

தண்ணீரும் சுகாதாரமும்தான் உங்கள் துறை என்று முடிவு செய்தால், பயிற்சிக்கு வெளியே தேட வேண்டாம். 1987-இல் எஸ். தாமோதரன் திருச்சியில் தொடங்கிய கிராமாலயா, கழிப்பறைத் தொழில்நுட்பத்திலும் பெண்கள் குழுக்களே சமுதாயக் கழிப்பறைகளை நடத்தும் முறையிலும் நாடு முழுக்கப் பேசப்பட்ட அமைப்பு. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஸ்கோப் அமைப்பு முசிறியில் கட்டிய உரமாக்கும் கழிப்பறைகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். துவாக்குடியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய பாடத்தைப் பார்க்காமல் விமானம் ஏறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு மூன்று மாதம் இப்படி ஓர் அமைப்பில் களத்தில் நில்லுங்கள். ஊர்க் கூட்டத்தில் எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எந்த வகுப்பிலும் வராது. கூடவே ஒரு பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும்; ஆப்பிரிக்காவில் உங்களைத் தேர்வு செய்பவர் முதலில் கேட்பது அதைத்தான். களத்தில் ஓராண்டு வேண்டும், வெளிநாடு கட்டாயமில்லை என்றால் 13 மாத எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா ஃபெலோஷிப்பையும் யோசியுங்கள்.

வெளிநாட்டு வாய்ப்புக்கு நான் முதலில் காட்டும் கதவு ஐ.நா. தன்னார்வத் தொண்டர் திட்டம், அதாவது யு.என்.வி. 1970-இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு உண்டு. அதற்கு மேல் நிபுணர் பிரிவுக்குப் பணி அனுபவம் கேட்பார்கள். தேர்வானால் வாழ்க்கைச் செலவுக்கு மாதப்படி, பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவர்களே தருவார்கள். போட்டி கடுமை என்பதால் அதற்கு முன் அவர்களுடைய இணையவழித் தொண்டில் சேருங்கள். வீட்டிலிருந்தே வாரம் அதிகபட்சம் 20 மணி நேரம் வரை வரைபடம், தரவு, மொழிபெயர்ப்பு போன்ற வேலைகள் செய்யலாம். ஹாஸ்டல் அறையிலேயே உங்கள் பெயரில் ஒரு பணி வரலாறு தொடங்கிவிடும். ஐ.நா.வின் எந்த அமைப்பும் ஆள் எடுக்க ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்குவதில்லை. 'பிராசஸிங் ஃபீஸ்' என்று எவராவது கேட்டால் அவர் ஏமாற்றுக்காரர். அதற்கு மேல் அவரிடம் பேச வேண்டியதில்லை. பிரிட்டனில் 1958-இல் தொடங்கிய வி.எஸ்.ஓ.வும் நம்பகமானது. தொழில் அனுபவம் உள்ளவர்களுக்கு அது பொருத்தம்.

பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போகும் நிறுவனங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவு ஆகத்தான் செய்யும். அந்தப் பணத்தில் உள்ளூர் அமைப்புக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு முன் இந்த வேலையை யார் செய்தார், எனக்குப் பின் யார் செய்வார் என்றும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

இனி நாட்காட்டி. தெற்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் மழைக்காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். மண் சாலையில் வண்டி போகும், கொசு குறைவு. பரீட்சை மே மாதம் முடிந்தால் இரண்டு மாதம் உள்ளூர்ப் பயிற்சி, ஜூலைக் கடைசியில் பயணம், ஜனவரியில் திரும்புதல் என்று வைத்தால் களப்பணியின் பெரும்பகுதியை மழைக்கு முன்பே முடித்துவிடலாம். ஜூலையில் அங்கே குளிர்காலம் என்பதை மறக்காதீர்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லெசோத்தோ மலைகளில் பனியே விழும். திருச்சி வெயிலை நினைத்துக்கொண்டு பருத்திச் சட்டை மட்டும் எடுத்துப் போகிறவர் முதல் இரவே நடுங்குவார்.

நுழைவுத் தேர்வுகளை எழுதி முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கேட் (GATE) தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது, மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். ஆகவே இறுதியாண்டிலேயே எழுதிவிட்டால் திரும்பி வந்த கோடையில் நேராகக் கலந்தாய்வுக்குப் போகலாம், உதவித்தொகைத் தகுதியும் கையில் இருக்கும். ஜி.ஆர்.இ. 5 ஆண்டு செல்லும், டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். 2 ஆண்டு. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் இதையும் சி.ஏ.டி.யையும் (CAT) குழப்பிக்கொள்ள வேண்டாம்: மேலாண்மைப் படிப்புக்கான அந்தத் தேர்வின் மதிப்பெண் ஓர் ஆண்டுக்குத்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டிருந்தால், சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க அனுமதி உண்டா என்று எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கிய பிறகே மற்ற ஏற்பாடு. மதிப்பெண் பட்டியல், டிரான்ஸ்கிரிப்ட், தற்காலிகப் பட்டச் சான்று எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன் கையில் வாங்கி, ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். ஜாம்பியாவின் லிவிங்ஸ்டனில் உட்கார்ந்துகொண்டு கல்லூரி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு வேலை நடக்காது.

சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு செய்வது பல நாடுகளில் சட்டமீறல். உங்களை அழைக்கும் அமைப்பு எந்த விசாவுக்குக் கடிதம் தருகிறது என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் தன்னார்வப் பணிக்கென்றே வருகையாளர் விசாவில் தனி வகை இருக்கிறது. காவல்துறை நன்னடத்தைச் சான்று பெரும்பாலும் கேட்பார்கள். பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பித்து வாங்கலாம்.

சென்னையிலிருந்து அடிஸ் அபாபா வழியாகப் போகும் விமானம் வசதிதான். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள் என்பதால், அந்த வழியில் போகிறவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருப்பதே பாதுகாப்பு. அட்டை இல்லாமல் ஊர் திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்த அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். ஜாம்பியா, மலாவி, மொசாம்பிக் போகிறவர்கள் மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். மலாவி ஏரி கண்ணைப் பறிக்கும் நீலம். ஆனால் கரையோரத் தண்ணீரில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா இருக்கிறது. மருத்துவமனைப் பணிக்குப் போகிறவர்கள், ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டிய எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எங்கே கிடைக்கும் என்று முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும்.

வீட்டில் பேசுவது இதையெல்லாம்விடக் கடினம். "இன்ஜினியரிங் படிக்க வெச்சது அங்க போய் ஓசியில வேலை பாக்கவாப்பா?" என்று அப்பா கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சிட்கோ பட்டறையில் ஓவர்டைம் பார்த்துக் கட்டிய ஃபீஸ் அது. சேவை, தியாகம் என்று பேசாமல் தாளில் எழுதிக் காட்டுங்கள்: மொத்தச் செலவு இவ்வளவு, அதில் எனக்குக் கிடைக்கும் படி இவ்வளவு, திரும்பும் தேதி இது, கேட் மதிப்பெண் இது. "தனியா எங்கடி தங்குவ?" என்று அம்மா கேட்டால், தங்கப் போகும் வீட்டாரோடு வீடியோவில் பேச வையுங்கள். கல்விக்கடன் தவணை தொடங்கப் போகிறது, வீட்டில் வேறு வருமானம் இல்லை என்றால், இப்போது போகாதீர்கள். இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு அனுபவத்தோடு போனால் இன்னும் நல்ல பணியே கிடைக்கும்.

ஊர் சுற்றுவதைப் பணி முடிந்த கடைசி மூன்று நான்கு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா அருவியை எல்லோரும் சொல்வார்கள். நான் டர்பனைச் சொல்வேன். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கிய துறைமுகம் அது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் கரும்புத் தோட்டங்களுக்கு அப்படிப் போனார்கள். தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் போனவர்கள் அவர்களில் உண்டு. மவுண்ட் எட்ஜ்கோம்பில் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. தமிழ் பேசத் தெரியாவிட்டாலும் காவடி எடுக்கத் தெரிந்த கொள்ளுப்பேரர்களை அங்கே பார்ப்பீர்கள். இருட்டிய பிறகு நகரத்தில் நடந்து திரிய வேண்டாம், தங்கும் வீட்டார் சொல்வதைக் கேளுங்கள். எந்த நாட்டில் இறங்கினாலும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு, சேர்க்கைக் கட்டுரையில் "ஆப்பிரிக்கா என் வாழ்க்கையையே மாற்றியது" என்று எழுதினால் படிப்பவர் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிடுவார். எத்தனை பம்பு பார்த்தீர்கள், எத்தனை குழாய் அரித்திருந்தது, என்ன பரிந்துரைத்தீர்கள், அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, அதனால் எம்.டெக்.கில் எதைப் படிக்க வந்தீர்கள் என்று எழுதுங்கள். இதற்காகத்தான் முதல் நாளிலிருந்தே நோட்டுப் போட்டு எழுதச் சொல்கிறேன். அந்தப் பதிவேட்டின் ஒரு பிரதி அங்கே மாவட்ட அலுவலகத்தில், இன்னொன்று பம்பு மெக்கானிக்கிடம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்புங்கள். பணிச் சான்றையும் பொறுப்பாளரின் கடிதத்தையும் அங்கிருக்கும்போதே கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள்.