பதிவு வேறு, உரிமை வேறு: கேரளத்தில் நிலம் வாங்குவோர் அறிய வேண்டியவை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் வித்துரா. ரப்பர்த் தோட்டங்களும், காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளும், காட்டின் விளிம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி இது. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இங்கு வந்த பின்னர் ஊரின் பெயர் வெளியிலும் பரவியுள்ளது. கன்னியாகுமரி, தென்காசி மாவட்டங்களைச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் இத்தகைய மலையோர ஊர்களில் வீட்டுமனையோ தோட்டமோ வாங்க விரும்பிக் கடன் கேட்டு வருவதுண்டு. அவர்களில் பலர் கூறுவது ஒன்றே: "பத்திரம் பதிவாகியிருக்கிறது; வரி கட்டிய ரசீதும் இருக்கிறது. இனி என்ன வேண்டும்?"

இன்னும் வேண்டியவை பல உள்ளன என்பதை இதே பகுதியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பொன்முடி தரும் பாடம்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தனது விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிலையத்திற்காக 2007-ஆம் ஆண்டு பொன்முடிப் பகுதியிலுள்ள ஒரு தனியார் தோட்டத்தில் 80 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை விலைக்கு வாங்கியது. அந்நிலம் 2003-ஆம் ஆண்டின் கேரள வனச் (சூழலியல் நொய்ம்மை நிலங்கள்) சட்டத்தின்கீழ் அரசைச் சேர்ந்தது என்று வனத்துறை உரிமை கோரியது. பெரும் சர்ச்சை எழுந்தது. முடிவில் கல்வி நிலையம் பொன்முடியில் அமையவில்லை. நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் அமைந்தது.

இச்சட்டத்தின் தன்மையை நாம் கவனிக்க வேண்டும். சூழலியல் நொய்ம்மை நிலம் என வரையறுக்கப்படும் நிலத்தின் உரிமையும் அனுபவமும், எவ்வித வில்லங்கமுமின்றி, அரசைச் சேர்ந்துவிடும். 2003-இல் இயற்றப்பட்டபோதிலும் 2000 ஜூன் 2 முதலே சட்டம் நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. 'வில்லங்கமின்றி' என்பதில் வங்கியின் அடமானமும் அடங்கும். ஆனால் கடன் வாங்கியவரின் பொறுப்பு அழிவதில்லை. நிலம் கையை விட்டுப் போன பின்னரும் மாதத் தவணை தொடர்ந்து வரும். விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கோர வழக்கொன்றே வழி.

பதிவு எதை உறுதி செய்கிறது?

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே நடைபெற வேண்டும். எனவே பதிவு இன்றியமையாதது. ஆயினும் அது, இன்னார் இன்னாருக்கு இன்ன தேதியில் எழுதிக் கொடுத்தார் என்பதற்கான சான்று மட்டுமே. எழுதிக் கொடுத்தவருக்கு அச்சொத்தில் உரிமை இருந்ததா என்பதைப் பதிவு உறுதி செய்வதில்லை. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கில், விற்பவரின் உரிமையை ஆராய்வது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு அலுவலரின் பணியன்று என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது.

வரி ரசீதும் அவ்வாறே. யார் பெயரில் வரி வசூலாகிறது என்பதை மட்டுமே அது காட்டும். வில்லங்கச் சான்றிதழில் பதிவான நடவடிக்கைகள் மட்டுமே இடம்பெறும். சட்டத்தின் வாயிலாக அரசைச் சேர்ந்த நிலமோ, பாகம் பிரியாத வாரிசுகளின் உரிமையோ அதில் தோன்றாமல் இருக்கலாம்.

சொல் ஒன்று, பொருள் வேறு

தமிழ் வாசகர் கேரள ஆவணங்களில் ஏமாறக்கூடிய இடம் மொழியே. அங்கு 'ஆதாரம்' என்பது கிரயப் பத்திரம். 'முன் ஆதாரம்' என்பது தாய்ப்பத்திரம். 'போக்குவரவு' என்பது நம் பட்டா மாற்றம். 'தண்டப்பேர்' என்பது வருவாய்க் கணக்கிலுள்ள வரிதாரர் எண். தமிழில் 'பாத்தியதை' உரிமையைக் குறிக்கும். மலையாளத்தில் 'பாத்யதா சர்ட்டிபிகேட்' என்பதோ வில்லங்கச் சான்றிதழ்.

இவற்றினும் முக்கியமானது 'நிலம்' என்ற சொல். கேரள வருவாய்ப் பதிவில் 'நிலம்' என்றால் நெல்வயல்; வீடு கட்டத்தக்க மேட்டு நிலம் 'புரயிடம்' எனப்படும். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்புவதைத் தடை செய்கிறது. கண்ணுக்கு மேடாகத் தெரிந்தாலும், பதிவேட்டில் 'நிலம்' என்றிருந்தால், தரவு வங்கியில் அது சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்த்து, வருவாய்க் கோட்ட அலுவலரின் உத்தரவு இன்றி வாங்காதிருப்பதே நன்று.

அளவையும் கவனிக்க வேண்டும். கேரள ஆவணங்கள் பரப்பை 'ஆர்' அளவில் குறிக்கும். ஓர் ஆர் 100 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 2.47 சென்ட்.

மலையோரத்தில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. வன எல்லைக்கு அருகிலுள்ள நிலமா? ஆம் எனில், அந்தச் சர்வே எண் வன நிலமோ சூழலியல் நொய்ம்மை நிலமோ அன்று என்பதை வனக்கோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2. பெருந்தோட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட மனையா? 1963-ஆம் ஆண்டுக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்துள்ளது. தோட்டமாக நீடிப்பதற்கே அச்சலுகை. துண்டுகளாக்கி வேறு பயனுக்கு மாற்றினால் உச்சவரம்புச் சிக்கல் எழக்கூடும்.

3. அரசு பதித்துக் கொடுத்த நிலமா? அதற்குரிய ஆவணம் 'பட்டயம்'. நம் ஊர்ப் பட்டாவை ஒத்த பெயராயினும் இது அரசு நிலத்தை ஒருவருக்கு ஒதுக்கிய உத்தரவு. எந்தப் பயனுக்கு வழங்கப்பட்டது, எத்தனை ஆண்டுகளுக்குப் பின் விற்கலாம் என்ற நிபந்தனைகளைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும்.

4. பழங்குடியினரின் நிலமா? 1999-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம், அந்நிலம் உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றிப் பிறருக்குச் செல்வதைத் தடுக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ்க் கிடைத்த நிலமோ வாரிசுகளுக்குச் செல்லுமேயன்றி, எவருக்கும் விற்கத்தக்கதன்று.

பணம் கொடுக்கும் முன்

தாய்ப்பத்திரங்களையும் வில்லங்கச் சான்றிதழையும் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்க்கவும். சொத்துரிமை குறித்து அரசு வழக்குத் தொடரப் பொதுவான காலவரம்பு 30 ஆண்டுகள் என்பது இதற்கு ஒரு காரணம். பத்திரங்களை ஒப்படைத்துப் பெறும் கடன் பதிவு அலுவலகத்திற்கு வராமல் போகலாம். எனவே 'செர்சாய்' எனப்படும் மத்தியப் பதிவகத்தின் இணையத்தளத்திலும் தேடவும். சிறு கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் தேடலாம்.

பொது அதிகாரப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டும் கொண்டு சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்துள்ளது. முகவர் எழுதிக் கொடுப்பாராயின், உரிமையாளர் உயிருடன் உள்ளாரா, அதிகாரம் ரத்து செய்யப்படவில்லையா என்பதை நேரில் உறுதி செய்யவும்.

முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுக்கவும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறும் விற்பனையாளர் அதே அளவு அபராதத்திற்கு உள்ளாகலாம். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், கிராமப்புற விவசாய நிலம் நீங்கலாக, வாங்குபவர் 1 சதவீத வருமான வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும். கேரளத்தில் முத்திரைத்தீர்வை 8 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும்.

விற்பவருக்கும் ஒரு சொல்: வாங்குபவர் தாமாகக் கண்டறிய இயலாத, தமக்குத் தெரிந்த உரிமைக் குறையை வெளியிடுவது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி விற்பவரின் கடமை. மறைத்தால் அது மோசடியாகக் கருதப்படும்.

வங்கியின் பரிசோதனை போதுமா?

"வங்கியே கடன் கொடுத்துவிட்டது, எனவே சொத்து சரியானது" என்று எண்ணுவோர் பலர். வங்கி தன் வழக்கறிஞரிடம் கருத்துப் பெறுவது தனது கடனுக்குப் பாதுகாப்பு உள்ளதா என அறியவே. அது உங்களுக்கு அளிக்கப்படும் உத்தரவாதம் அன்று. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்னரே, நிலம் உள்ள பகுதியில் தொழில் புரியும், உங்களுக்கென நீங்கள் அமர்த்திய வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் பெறவும். அவருடைய கட்டணம் நிலத்தின் விலையில் மிகச் சிறு பங்கே. அதன் பின்னர் ஆவண நகல்களுடன் கிளைக்கு வாருங்கள். முன்பணம் கொடுத்துவிட்டு வரும் வாடிக்கையாளரிடம் 'இயலாது' என்று கூற நேரும்போது இரு தரப்பிற்கும் வருத்தமே மிஞ்சும். கொடுக்கும் முன் வருபவருக்கு அச்சொல்லே அவருடைய சேமிப்பைக் காக்கும்.