விளையாட்டுப் பேச்சிலே ஆங்கிலம்



மாங்குளத்தில் மாலை வேளையிலே பந்தடிக்கும் சிறுவரைச் சற்று நின்று கேளுங்கள். யார் பிடியைத் தவறவிட்டான், எதனால் தோற்றோம் என்று ஓயாது வாதாடுவார்கள். அதே சிறுவனை ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் தலை கவிழ்ந்து நிற்பான். தரம் 3 முதல் ஆங்கிலம் படிக்கிறான்; சொற்களும் ஓரளவு இலக்கணமும் அறிவான். அவனுக்குக் குறைவது பேசுவதற்கேற்ற பொருளும் பிழைவிடத் துணிவுமே. பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வெட்கம் வேரூன்றும் காலம். இப்போது வாய் திறவாத பிள்ளைக்குப் பின்னர் அது இன்னும் கடினமாகும்.

இது சோதனைப் புள்ளிக்காக மட்டுமன்று. 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. 2012இல் முரளியின் பெயரால் நடந்த நல்லிணக்கக் கிண்ணப் போட்டிக்குத் தெற்கிலும் வடக்கிலுமிருந்து பாடசாலை அணிகள் வந்தன. மாங்குளமும் ஆடுகளங்களுள் ஒன்று. ஒருவர் மொழியை மற்றவர் அறியாத பிள்ளைகள் அங்கே கை குலுக்கினார்கள். கை குலுக்கியபின் பேசவும் வேண்டாமா?

வீட்டிலே நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஓர் உதாரணம்: கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் பழைய மாணவர் முத்தையா முரளிதரன், 792 விக்கெற்றுகளோடு தமது இறுதி ரெஸ்ற் ஆட்டத்துக்கு வந்தார். 2010 யூலை 22இல் காலியிலே, தாம் வீசிய கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெற்றைப் பெற்றார்.

முதலில் நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள்: 'ஹூ வொன்?' அடுத்து, 'வை?' என்று கேளுங்கள். 'பிகோஸ்' என்று தொடங்கும்போதே இரு வசனங்களை இணைக்கப் பழகுகிறான். மூன்றாவதாக, 'ஐ திங்க்' என்று தன் கருத்தைச் சொல்லட்டும். அண்ணனோ அக்காவோ மறுத்துப் பேசட்டும். கோபமின்றி மறுக்கப் பழகுவதும் ஒரு புண்ணியமே. இறுதியாக, 'இஃப்' என்று தொடங்கி, அந்தக் கடைசி விக்கெற் விழாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கற்பனை செய்யட்டும். பெண்பிள்ளைகளோடு, 2022இல் ஆசியக் கிண்ணம் வென்ற வலைப்பந்தாட்ட அணியில் ஆடிய யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிப் பேசலாம்.

பேச்சின் நடுவே திருத்தாதீர்கள். 'முரளி ரேக் எயிற் விக்கெற்ஸ்' என்று சொன்னால், அவன் முடித்தபின், 'யெஸ், முரளி ருக் எயிற் விக்கெற்ஸ்' என்று ஒருமுறை சொல்லி அடுத்த கேள்விக்குப் போங்கள். சிரிக்கவே வேண்டாம். ஒரு சிரிப்பு ஒரு மாத முயற்சியைக் கெடுத்துவிடும்.

'எங்களுக்கே ஆங்கிலம் தெரியாதே' என்கிறீர்களா? தமிழிலே கேளுங்கள், அவன் ஆங்கிலத்திலே சொல்லி, உங்களுக்குத் தமிழிலே விளக்கட்டும். தகப்பனுக்குக் கற்பிக்கும் பிள்ளை தானும் இருமுறை கற்கிறான். பிழைகளை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். காது கொடுப்பது உங்கள் பங்கு.

கொரிந்து நகருக்கருகே இரண்டாண்டுக்கொருமுறை ஓட்டப் போட்டிகள் நடந்தன. அதனாலன்றோ புனித சின்னப்பர் அந்நகரத்தாருக்கு எழுதும்போது பந்தய ஓட்டத்தைக் காட்டி விசுவாச வாழ்வை விளக்கினார்! அவர்கள் அறிந்ததைக் கொண்டே அறியாததைக் கற்பித்தார். நாமும் அவ்வாறே செய்வோம். இன்று இரவு செபமாலை முடிந்ததும் உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றைய ஆட்டத்தில் யார் வென்றார்?