சந்திரனில் ஒரு கருவி வலை

ஒரு கோளின் உட்புறத்தை எவரும் நேரில் காண இயலாது. அங்கே எழும் அதிர்வுகளைக் கொண்டே அதன் அமைப்பை அறிய வேண்டியுள்ளது. இதற்கு நுட்பமான ஒரு கருவி போதாதா என்று மாணவர்கள் வினவக்கூடும். அது போதாமைக்குரிய காரணத்தையும், பல கருவிகளை வானொலி அலைகளால் ஒரு வலையாக இணைப்பதன் பயனையும் ஈண்டு நோக்குவோம்.

நடுக்கம் நிகழும் இடத்திலிருந்து இருவகை அலைகள் புறப்படுகின்றன. முதன்மை அலை விரைந்து வரும். துணையலை பின்தங்கி வரும். இரண்டும் வந்து சேரும் நேரங்களின் வேறுபாடு தொலைவை உணர்த்தும், திசையை உணர்த்தாது. ஆகவே ஒரு நிலையத்தைக் கொண்டு அதனைச் சுற்றி ஒரு வட்டமே வரைய முடியும். இரு நிலையங்களின் வட்டங்கள் இரு புள்ளிகளில் வெட்டும். மூன்றாவது வட்டமே ஐயத்தை நீக்கும். ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் கவராயத்தால் வரைந்து காட்டலாம்.

இம்முறை சந்திரனில் கையாளப்பட்டது. 1969 நவம்பர் முதல் 1972 ஏப்ரல் வரை அப்போலோ 12, 14, 15, 16 ஆகிய பயணங்களில் சென்றோர் நான்கு அதிர்வுமானிகளை நிறுவினர். முதலிரண்டும் சுமார் 180 கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு முனையாகவும், ஏனையவை சுமார் 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் இரு முனைகளாகவும் ஒரு முக்கோணம் அமைந்தது. சந்திரனின் ஒரு முகமே எப்போதும் பூமியை நோக்கியிருப்பதால் அவை தம் அளவீடுகளை நேரே பூமிக்கு அனுப்பின. வேலை முடிந்த ராக்கெட் பகுதிகளைச் சந்திரன்மீது வேண்டுமென்றே மோதச் செய்து, இடமும் நேரமும் முன்னரே தெரிந்த அவ்வதிர்வுகளால் வலையின் கணக்கீடுகள் சரிபார்க்கப்பட்டன. 1977 செப்டம்பர் 30 ஆம் நாள் வலை நிறுத்தப்படுமுன் 12,000க்கு மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின. அவற்றுட் பல, 700 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் எழுந்தவை. இப்பதிவுகளை மீண்டும் ஆராய்ந்து, சந்திரனின் மையக்கருவிற்கான சான்றுகளை 2011 இல் அறிஞர் வெளியிட்டனர்.

செவ்வாயில் 2018 நவம்பரில் இறங்கிய இன்சைட் கலம் தனியொரு நிலையம். அது 1,300க்கு மேற்பட்ட நடுக்கங்களைப் பதிவு செய்தது. நிலம் அசைந்த திசையை ஆராய்ந்து சிலவற்றின் இடம் காணப்பட்டதாயினும், பலவற்றின் இடத்தை உறுதி செய்தல் இயலவில்லை. சூரியத் தகடுகளில் புழுதி படிந்து மின்சாரம் குன்றியமையால் 2022 டிசம்பரில் அதன் பணி முடிந்தது. நம் நாட்டின் சந்திரயான் 3 இல் 2023 ஆகஸ்டில் சந்திரனில் இறங்கிய அதிர்வுமானியும் ஒன்றே. சந்திரனின் நீண்ட இரவுக்குப்பின் அக்கலம் மீண்டும் இயங்கவில்லை. இதற்கு மாறாக, அப்போலோ 12 முதலான நிலையங்கள் புளூட்டோனியத்தின் வெப்பத்தினின்று மின்சாரம் பெற்றமையால் பல ஆண்டுகள் இரவிலும் இயங்கின.

இவற்றினின்று மூன்று விதிகள் பெறப்படும். நிலையங்கள் போதிய இடைவெளியில் பரந்திருத்தல் வேண்டும். அவற்றின் நேரக்கணக்கு ஒன்றாயிருத்தல் வேண்டும். இரவிலும் புழுதியிலும் குன்றாத மின்சாரம் வேண்டும். அப்போலோ வலையும் முதல் விதியை முற்றும் நிறைவேற்றவில்லை. நான்கு நிலையங்களும் பூமியை நோக்கிய முகத்திலேயே இருந்தமையால், மறுபுறத்தின் ஆழம் இன்றும் தெளிவாக அறியப்படவில்லை. ஒரு வலை எங்கெங்கு விரிக்கப்படுகிறதோ, அதனைப் பொறுத்தே அதன் அறிவின் எல்லையும் அமையும். பூமியில் மழைமானிகளை அமைக்கும் களப்பணியாளருக்கும் இது பொருந்தும்.