பட்டா நிலத்துச் செம்மரம்

சத்தியவேடு பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் அப்பா வைத்த செம்மரங்கள் நன்றாகப் பருத்து நிற்கின்றன. வெட்டி, மில்லில் பலகையாக அறுத்து விற்கலாமா?
– வாசகர், திருப்பதி மாவட்டம்

கோடாலிக்கு முன் பட்டா பாஸ்புத்தகத்தை எடுங்கள். சொந்த மரமானாலும் வனத்துறை பார்த்து அனுமதி தந்த பிறகுதான் வெட்ட முடியும். வெட்டிய கட்டை வரப்பைத் தாண்டவும் தனி பெர்மிட் வேண்டும். செம்மரக் கடத்தல் நடக்கும் சேஷாசலம் காடு உங்கள் மாவட்டத்திலேயே இருக்க, பெர்மிட் இல்லாமல் வண்டியில் ஏற்றினால் ‘அப்பா வைத்தது’ என்ற பேச்சு செக்போஸ்ட்டில் எடுபடாது.

பலகை ஆசையை விடுங்கள்!

செம்மரத்தில் காசு உள்ளே இருக்கும் வைரக் கட்டைக்குத்தான். வெளுத்த மேல்பகுதியைச் செதுக்கிவிட்டு, கட்டையாகவே விலை பேசுவார்கள். வைரத்தில் அலையலையாக வரி ஓடினால் மதிப்பு இன்னும் ஏறும். ஜப்பானில் ஷாமிசென் வாத்தியம் செய்யவும் செம்மரம் போகிறது. பட்டா நிலத்தில் வளர்த்த மரத்தை உரிய சான்றுகளோடு ஏற்றுமதி செய்ய 2019 முதல் வழி உண்டு.